ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற குழாய்

எங்கள் அப்பா வேதசிரோமணி தன் வாழ்நாளில் ஏமாந்து ஒரு பொருளும் வாங்கியதில்லை. இதை அவரே சொல்லுவார். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பார்க் டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் ஹெட் கிளார்க். 1962-ல் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒன்றரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார். அப்போது அங்கே மனிதர்களைவிடப் பாம்புகள் அதிகம். தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்வர ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. கடைக்காரரை மணியை அடிக்கச் சொல்லிவிட்டு, அப்பா தெருக்கோடிக்கு நடந்து போய் நின்று கேட்டார். கணீரென்று கேட்டது. வாங்கிவிட்டார். பிரேக்கைப் பார்க்கவில்லை. முதல் மழையிலேயே சேலையூர் இறக்கத்தில் ஓர் எருமையின் மேல் போய் விழுந்தார். எருமைக்கு மணி நன்றாகவே கேட்டிருக்கும்.

சுவர்க் கடிகாரம் வாங்கியதும் அப்படித்தான். அது அடிக்கிற மணி நாலு வீடு தள்ளிக் கேட்கிறதா என்பதுதான் பரீட்சை. கேட்டது. தினம் இருபது நிமிஷம் பின்தங்கவும் செய்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அந்த மணியை நம்பி ரயிலைத் தவறவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நம் வீட்டில் ஒரு சாமான் இருப்பது வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு அது உதவுகிறதா என்பது பெண்கள் கேட்கிற கேள்வி.

இதே முறையில்தான் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்தார், சபைக்கு ஒலிபெருக்கியும் வாங்கினார். இரண்டும் ஒரே வருஷம், 1971. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பெயர் ஞானஜோதி, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை ஜெயசீலன், அனகாபுத்தூர் தங்கையா என்பவரின் மகன். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு சாயங்காலம் வந்து அரை டம்ளர் காப்பி குடித்தார். என் சம்பளம் என்ன என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்றார். மீதி அரை டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"அவளுக்கு என்ன தெரியும், சாராள்?" என்றார் அப்பா. "அனகாபுத்தூர் முழுக்க விசாரிச்சாச்சு. நல்ல பேரு. பம்மல் வரைக்கும் அந்தக் குடும்பத்தோட பேரு போயிருக்கு."

விசாரித்தது எப்படி என்றால், மாப்பிள்ளை வீட்டுக்குள் அவர் போகவே இல்லை. தெருமுனையில் ஒரு சைக்கிள் கடையில் நின்று நாலு பேரைக் கேட்டிருக்கிறார். அதோடு முடிந்தது. ஜூன் மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் முடிந்துவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் நிறுத்துவது கஷ்டம். எனக்கு இருந்தது அந்த மூன்று ஞாயிறுகள்தான்.

இப்போது ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபைக் கட்டடம் முதலில் ஒரு நீளமான கூடமாக இருந்தது. ஆட்கள் சேரச் சேர இடம் போதவில்லை. பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு கிளை இழுத்து, அதில் பெண்களை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பிரசங்கபீடம் தெரியாது. போதகரின் குரலும் வராது. முன்வரிசை ஆண்களின் முழங்கை மட்டும் தெரியும். முழங்கை உயர்ந்தால் எழுந்து நிற்போம், தாழ்ந்தால் உட்காருவோம். பெஞ்சு கிறீச்சிட்டால் ஆமென். ஒன்பது வருஷம் நாங்கள் இப்படித்தான் கடவுளை வழிபட்டோம். மழை நாளில் அதுவும் இல்லை.

பொறுத்துப் பார்த்து அம்மாதான் ஆரம்பித்தார். சபைப் பெண்கள் எல்லோரும் தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது, மாதக் கடைசியில் அதைச் சபையில் விற்பது, சேருகிற பணத்தில் ஒரு மைக் செட் வாங்கிப் பெண்கள் பக்கத்துக்கும் பிரசங்கம் கேட்கும்படி செய்வது. மூன்று வருஷம் பிடித்துப் பிடித்துத் தொள்ளாயிரம் ரூபாய் சேர்ந்தது. சேர்ந்த அன்றைக்கு, வாங்குகிற பொறுப்பை ஆண்கள் கமிட்டி எடுத்துக்கொண்டது. கமிட்டிச் செயலாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரிசி எங்களுடையது என்பதால் ஒரு பெண்ணாவது கூடப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அப்பா, நான், சபைப் பொருளாளர் லாசரஸ், சேலையூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிற பாட்சா, நாலு பேரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். லாசரஸ் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

பாட்சாவுக்கு அந்தத் தொழிலில் பதினைந்து வருஷ அனுபவம். எங்கள் கூடத்தை ஏற்கெனவே சுற்றிப் பார்த்து, மனதில் அளவெடுத்து வைத்திருந்தார். கடை வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், உள்ள குந்தினு கீறவங்களுக்குத்தானே கேக்கணும்? பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு போதும். ஒண்ணு ஆம்பளைங்க பக்கம், ஒண்ணு பொம்பளைங்க பக்கம். இருபத்தஞ்சு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் தாராளம். மிச்சத்துக்கு நல்ல மைக்கா பாத்து வாங்கிக்கலாம். மைக்கு மட்டமா இருந்தா மத்தது இன்னா வாங்கினாலும் வேஸ்ட்டு. குழாயி ஸ்பீக்கர் வேணாம் சார். அது மீட்டிங்குக்கு, கல்யாணத்துக்கு. உள்ள வெச்சா காது கிழிஞ்சிடும். வெளிய வெச்சா உள்ள கேக்காது. வீண் பேஜாரு."

இவ்வளவு தெளிவாக, இவ்வளவு மலிவாக, யாரும் யாருக்கும் யோசனை சொல்லியிருக்க முடியாது. அப்பா லாசரஸை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"கவனிச்சீரா?" என்றார். "குழாயை மட்டும் வாங்க விடமாட்டேங்கிறான். நாம சொந்தமா குழாய் வாங்கிட்டா அறுப்பின் பண்டிகைக்கு இவன்கிட்ட வாடகைக்கு யார் போவா? அதான் பெட்டியைத் தலையில கட்டப் பார்க்கிறான்."

லாசரஸுக்கு வேறு யோசனை. மூர் மார்க்கெட்டில் பழைய செட் கிடைக்கும், பாதி விலையில் முடிக்கலாம் என்றார். குழாய் வாங்கினாலும் அவ்வளவு தூரத்துக்கு வெறும் சத்தம்தான் போகும், வார்த்தை போகாது என்றும் சொன்னார். அப்பா அதைக் கேட்கும் நிலையில் இல்லை. பாட்சா வேண்டாம் என்று சொன்னதாலேயே குழாய் அவர் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிறகு பரீட்சை நடந்தது. கடைக்காரர் ஒரு குழாயை வாசலில் தூக்கி வைத்து மைக்கில் ஒன் டூ த்ரீ சொல்ல வேண்டும், அப்பா எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு தூரம் கேட்க வேண்டும். அப்பா நடந்தார். தெரு முனையைத் தாண்டினார். மவுண்ட் ரோட்டையே குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பஸ்கள் அவரைப் பார்த்து ஹாரன் அடித்தன. கடைக்காரர் தொண்டை வறளும்வரை எண்ணினார். இருபது நிமிஷம் கழித்து அப்பா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"டாண் டாண்னு வருது."

"பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெட்டியாவது வாங்கலாமேப்பா," என்றேன் நான்.

"ஏரிக்கு அந்தப் பக்கமே கேட்கும்கிறேன், பத்தடியில இருக்கிற உங்களுக்குக் கேட்காதா? தானா வரும்."

இரண்டு குழாய், பெரிய குழாய். ஐம்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர், முன்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கோடு. இவை வாங்கியதும் பணம் தீர்ந்துவிட்டது. மைக்குக்கு என்று மிஞ்சியதில் அந்தக் கடையிலேயே மட்டமான மைக் கிடைத்தது. பாட்சா அதைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். திரும்பி வருகிற ரயிலில் ஒரு குழாயை நான்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஏறினவர்கள் எல்லோரும் எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

வாங்கியதில் இவ்வளவு அவசரம் ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் முதல் ஓலையை அந்தக் குழாயில்தான் வாசிக்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்திருந்தார். சொந்த மகளின் கல்யாணம் ஏரி தாண்டிக் கேட்க வேண்டும். மூன்று வருஷ அரிசி அதற்குத்தான் சேர்ந்திருக்கிறது.

கூரை மேல் கம்பம் நட்டு இரண்டு குழாயையும் கட்டினார்கள். ஒன்று மெயின் ரோட்டைப் பார்த்தது, இன்னொன்று ஏரியைப் பார்த்தது. எங்களைப் பார்த்து ஒன்றும் இல்லை. முதல் ஞாயிறு வந்தது. பெண்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூரைக்கு மேலே ஒரு ஊளை கேட்டது. அப்புறம் யாரோ பக்கத்து ஊரில் பேசுகிற மாதிரி ஓர் இரைச்சல். போதகர் மைக்குக்குப் பயந்து முன்னைவிட மெதுவாகப் பேசியதால், முன்பு கேட்ட கொஞ்சமும் போயிற்று. முழங்கைகளைப் பார்த்து எழுந்தோம், உட்கார்ந்தோம்.

"படிச்சாச்சா?" என்று அம்மா கேட்டார்.

"தெரியலம்மா," என்றேன்.

என் ஓலை வாசிக்கப்பட்டுவிட்டது என்பதை எனக்குச் சொன்னவர் பஸ் ஸ்டாப்பில் இருந்த டீக்கடைக்காரர். "இன்னாம்மா, கல்யாணமாமே? பையன் அனகாபுத்தூராமே?" என்றார். என் கல்யாணத்தை டீக்கடை கேட்டிருக்கிறது, பேருந்தில் போனவர்கள் கேட்டிருக்கிறார்கள், எருமை மேய்க்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. அப்பாவோ ஆராதனை பாதியில் எழுந்து சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

அடுத்த ஞாயிறு பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதிப் பேர் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே வந்து, குழாய்க்குக் கீழே கிணற்றடியில் நின்று பிரசங்கம் கேட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்டோம். பொறுமையைப் பற்றிய பிரசங்கம். அதற்குப் பிறகு என் இரண்டாவது ஓலையையும் கேட்டேன். என் பெயர் வெளியே பெரிதாக, அந்நியமாக ஒலித்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றபோது ஓர் அம்மாள் ஏரிக்கரைப் பக்கமிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். தலையில் முக்காடு. மூச்சு வாங்கியது. நேராகப் போதகரிடம் போனார்.

"சாமி, என் பேரு நூர் பீவி. ஏரிக்கு அந்தாண்ட செம்பாக்கத்துல கீறேன். இப்ப மைக்குல ஒரு பேரு படிச்சீங்களே, அனகாபுத்தூர் தங்கையா மவன் ஜெயசீலன்னு? அந்தாளு என் வூட்டுப் பின்கட்டுல ரெண்டு வருசமா குடி கீறாரு. ஞாயித்துக்கெழம ஆனா அப்பன் வூட்டுக்குப் பூடுவாரு. பொஞ்சாதி பேரு அங்காளம்மா. ஒன்றரை வயசுல பொட்டப் புள்ள கீது. போன வாரமே காதுல வுழுந்துச்சு, வேற யாரோன்னு வுட்டுட்டேன். இந்த வாரம் அப்பன் பேரு, ஊரு எல்லாம் கரீக்டா வந்துச்சு. ஆட்சேபணை இருந்தா சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் வந்தேன்."

போதகருக்கு மேடவாக்கத்தில் அடுத்த ஆராதனை. அவர் சைக்கிளைக் கையில் பிடித்தபடியே, "விசாரித்து, அடுத்த ஞாயிறுக்குள் எனக்கு எழுத்தில் கொடுங்கள்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கமிட்டி வராந்தாவில் கூடியது.

முதலில் பேசினவர் லாசரஸ். "இந்தம்மா நம்ம சபை அங்கத்தினரா? சபைக்கு வெளியே இருக்கிறவங்க ஆட்சேபணை சொல்லலாமா?" என்றார். தங்கை மகனுக்கு ஒரு பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பதைக் கேட்டு அவர் கொஞ்சமாவது திடுக்கிட்டிருக்க வேண்டாமா? அவருக்கு முன்பே தெரியும் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. "அப்படியே இருந்தாலும், எங்கேயோ மாலை மாத்திக்கிட்டா அது கல்யாணமாகிடுமா?" என்றும் கேட்டார். கமிட்டியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "யாராவது ஆகாதவங்க சொல்லி அனுப்பியிருப்பாங்க," என்றார். என் அப்பா சொன்னது அதுதான். அவரை அப்போது எனக்கு அறவே பிடிக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கசப்பு முழுதும் போகவில்லை.

அத்தோடு லாசரஸ் வாயை மூடியிருந்தால் அடுத்த மாதம் நான் அனகாபுத்தூரில் சமைத்துக்கொண்டிருப்பேன். அவர் இன்னும் ஒரு வார்த்தை சொன்னார்.

"முதல்ல இந்தம்மாவுக்குப் பேரு எப்படிக் கேட்டிருக்கும்? ஏரி தாண்டி வெறும் சத்தம்தான் போகும், வார்த்தை போகாதுன்னு நான் ரிச்சி தெருவிலேயே சொன்னேன். என்னமோ இரைச்சலைக் கேட்டுட்டு இந்தம்மா தானா ஒரு பேரை வச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

அப்பா நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"வார்த்தை போகாதா?"

"போகாது சார்."

"லாசரஸ், நான் போன வாரம் ஏரிக்கரையில நின்னு என் காதால கேட்டேன்."

"ஏரிக்கரை இந்தப் பக்கம். செம்பாக்கம் அந்தப் பக்கம்."

நூர் பீவிக்குப் பொறுமை போயிற்று. "அட, இன்னா சார் இது? அந்தப் பொண்ணு வூட்லதான் கீது. வந்து அவளாண்டயே கேளுங்களேன்!" என்றார்.

"அது அப்புறம்மா," என்றார் அப்பா. "முதல்ல இதைத் தீர்த்துக்கணும்."

தீர்த்துக்கொள்ளக் கிளம்பினார்கள். கமிட்டி முழுவதும் சைக்கிளில் ஏரியைச் சுற்றிக்கொண்டு நூர் பீவி வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்று, பதினொன்றரை மணிக்குக் குழாயில் வருவதை எழுதிக்கொள்ள வேண்டும். வார்த்தை தெளிவாக விழுந்தால் நூர் பீவி சொன்னது கணக்கில் சேரும். விழாவிட்டால் அது வெறும் இரைச்சல், மூன்றாவது ஓலை வாசிக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை, இல்லை, இரண்டு பெண்களின் வாழ்க்கையை இப்படியும் தீர்மானிக்கலாம் என்று எங்கள் கமிட்டிக்குத்தான் தோன்றும்.

இங்கே மைக்கில் யார் வாசிப்பது? போதகர் போய்விட்டார். "ஜோதி வாசிக்கட்டும்," என்றார் அப்பா. "ஸ்கூல்ல பிரேயர் நடத்துறவ. உச்சரிப்பு சுத்தமா இருக்கும். பைபிள்ல இருந்து ஒரு சங்கீதம் வாசிம்மா."

"சங்கீதம் கூடாது," என்றார் லாசரஸ். "பாதி காதுல விழுந்தாலே மீதியை மனப்பாடமா எழுதிடுவோம். அது பரீட்சை இல்லை. யாருக்கும் தெரியாததா, சொந்தமா ஏதாவது சொல்லட்டும்."

எங்கள் சபையில் அதுவரை ஒரு பெண் மைக்கைத் தொட்டதில்லை. அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சைக்கிள்கள் கிளம்பின. நூர் பீவி முணுமுணுத்தபடி கரை வழியே நடந்தார்.

பாட்சா ஆம்ப்ளிஃபயரைப் போட்டுச் சூடேற்றினார். இந்தக் குழாய் வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து செட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அப்பா அவரை நம்பாமல் போனதற்கு அவர் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை.

"இன்னாண்ணா பேசறது?" என்றேன். பதற்றத்தில் என் பேச்சும் அவர் பேச்சு மாதிரியே வந்தது.

"மனசுல இன்னா கீதோ அத்தப் பேசும்மா. மைக்க ரொம்பக் கிட்ட புடிக்காத, கிர்ருங்கும். மட்டமான மைக்கு."

கிணற்றடியில் அம்மாவும் மற்றப் பெண்களும் நின்றிருந்தார்கள். சபைக் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"ராஜகீழ்ப்பாக்கம் வேதசிரோமணி மகள் ஞானஜோதி பேசுகிறேன். அனகாபுத்தூர் தங்கையா மகன் ஜெயசீலனைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்குச் சம்மதம் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. உங்கள் முன்னால் நிற்கிற அங்காளம்மாளையும் யாரும் கேட்கவில்லை. அவளிடம் கேளுங்கள். இந்தக் கல்யாணத்துக்கு எனக்கு ஆட்சேபணை உண்டு. இது முதல் முறை."

என் குரல் மெயின் ரோட்டில் போய் இடித்துத் திரும்பி வந்தது. ஓலை மூன்று முறை வாசிப்பார்கள் என்பதால் நானும் நிறுத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அதையே மறுபடி சொன்னேன், இது இரண்டாம் முறை என்று முடித்தேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையின்போது பாட்சா கையை நீட்டி ஒரு திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். வெளியே வந்தபோது அம்மா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் நடந்ததை நூர் பீவி பிறகு எனக்குச் சொன்னார். கமிட்டி முற்றத்தில் வரிசையாக நின்றதாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே இருந்து வந்து, பெரியவர் நிற்கிறாரே என்று அப்பாவுக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாளாம். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அறுப்பின் பண்டிகை நோட்டீஸின் பின்பக்கத்தை முழங்கால் மேல் விரித்து, பேனாவைத் திறந்து தயாராக இருந்தாராம். குழாய் பேச ஆரம்பித்ததும் எழுத ஆரம்பித்தாராம். மூன்று முறையும் குனிந்த தலை நிமிரவில்லையாம். எல்லாம் முடிந்த பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீதானாம்மா அங்காளம்மாள்?" என்று கேட்டாராம். அவள் ஆமாம் என்று தலையாட்டினாளாம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. லாசரஸின் தாளில் ஓர் எழுத்தும் இல்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டதாகச் சொன்னாராம்.

அப்பா திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

"எல்லாம் விழுந்துச்சு," என்றார். "'சம்மதம்'கிற இடத்துல மட்டும் கொஞ்சம் கிர்ருன்னுச்சு. மைக்கை வாய்கிட்ட கொண்டுபோகக் கூடாது."

கமிட்டியை அங்கேயே நிற்க வைத்து, ஏரிக்கு அப்பால் வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். லாசரஸுக்கு மட்டும் தன் பேனாவைக் கொடுத்தார். குழாய் ஜெயித்தது, ஆகவே நூர் பீவி சொன்னதும் ஜெயித்தது, ஆகவே நானும் தப்பித்தேன். இந்த வரிசையில்தான் அது நடந்தது. என்னை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த மனிதர் குழாயை விட்டுக்கொடுக்கவில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். போதகர் எழுத்தில் கேட்டிருக்கிறார், ஒரு நகல் எடுத்துக் கொடு என்றார். அவருடையது ஹெட் கிளார்க் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று எண் போட்டு, தனித்தனிப் பத்தியாக எழுதியிருந்தார். ஊர், பெயர், தகப்பன் பெயர், சம்மதம் இல்லை, அங்காளம்மாள், ஆட்சேபணை உண்டு. நான் பாதி நகல் எடுத்த பிறகுதான் கவனித்தேன்.

"அப்பா, ஒரு வரி விட்டுப்போயிருக்கு."

அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். "எது?"

"என்னை யாரும் கேட்கவில்லைன்னு சொன்னேன். அதைக் காணோம்."

அப்பா திரும்பவில்லை. சாவி ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது.

"அது மட்டும் காத்துல போயிடுச்சும்மா," என்றார். "குழாய்ல அப்படி ஒரு குறை இருக்கத்தான் செய்யுது."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான்," என்றார் அப்பா.